ரிட்டர்ன் போட்டேன், யாரும் திரும்பி வரவில்லை

அல்சூர் மார்க்கெட்டை ஒட்டி மாமாவுக்குப் பாத்திரக் கடை. சில்லறை வியாபாரம் குறைவு, மெஸ், ஓட்டல், கல்யாண கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மொத்தமாக அனுப்புவதுதான் பிழைப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போன என் மடியில் பேரேட்டைத் தூக்கி வைத்தார். ஒரு மெஸ்காரர் 34 பில் பாக்கி வைத்திருக்கிறார், திடீரென்று வங்கியில் 23,415 ரூபாய் 60 பைசா வந்து விழுந்திருக்கிறது, எந்தெந்த பில்லுக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. அங்கே கணக்கு எழுதிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், முதலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏன்பா, கம்ப்யூட்டர்ல போட்டா எந்த பில்லுன்னு வந்துராதா? ரெண்டு நாளா சும்னே கூட்டிக் கூட்டிப் பாத்துட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். முப்பது வருஷம் பெங்களூரில் இருந்தால் 'சும்மா' இப்படி 'சும்னே' ஆகிவிடும்.

மாமா பில்லை ரவுண்ட் ஆஃப் பண்ணமாட்டார். பைசா வரை எழுதுவார். இது எவ்வளவு பெரிய உதவி என்று கடைசியில்தான் புரிந்தது.

34 பில்லில் எந்தச் சேர்க்கையைக் கூட்டினால் இந்தத் தொகை வரும் என்பது பாடப் புத்தகத்து சப்செட் சம் கணக்கு. ஒவ்வொரு பில்லும் உண்டு அல்லது இல்லை, ஆக 2-இன் 34-ஆம் அடுக்கு, அதாவது 1,717 கோடியே 98 லட்சம் சேர்க்கைகள். புத்திசாலித்தனமான வழிகள் இருக்கின்றன. பட்டியலை 17, 17 ஆகப் பிளந்து ஒவ்வொரு பாதியிலும் 1,31,072 கூட்டல்களைப் போட்டு வரிசைப்படுத்திப் பொருத்தலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எஸ்.பி. ரோடில் அப்போதுதான் ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கியிருந்தேன், உள்ளே 2012-இல் வந்த ஜியான் இ5-2670, 8 கோர், 16 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 16 வேலைகளை ஓட்டும். அதற்கு ஒரு வேலை கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று கை அரித்தது. கூடவே சேப்பல் என்ற புரோகிராம் மொழியை ரொம்ப நாளாகத் தொடவேண்டும் என்று வைத்திருந்தேன். சூப்பர் கம்ப்யூட்டர் செய்யும் கிரே நிறுவனத்தில் பிறந்தது, கிரேயை ஹெச்.பி.இ. (ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) 2019-இல் வாங்கிய பிறகு அங்கே வளர்கிறது, 2024 மார்ச்சில் 2.0 வந்தது. பேரலலாக, அதாவது பல வேலைகள் ஒரே நேரத்தில், ஓடுவதை நூலகமாக ஒட்டவைக்காமல் மொழிக்குள்ளேயே வைத்திருப்பதுதான் என்னை இழுத்தது.

நிறுவும் கதையை நீட்டவில்லை. சோர்ஸை இறக்கி குவிக்ஸ்டார்ட் என்ற எளிய அமைப்பில் மேக் கட்டளை போட்டால் பழகுவதற்குப் போதும். வேகத்தை அளப்பதற்கு அந்த அமைப்பு வேண்டாம் என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது, நான் அதைப் படிக்காமல் ஒரு சாயங்காலத்தை வீணாக்கிவிட்டு மறுபடி முழுசாகக் கட்டினேன்.

முதலில் ஒற்றை த்ரெட்டில் எழுதினேன். ஒரு ஃபங்ஷன், உள்ளே 1-இலிருந்து கடைசி வரை எண் எண்ணாகச் சுற்றும் ஒரு ஃபார் லூப், ஒவ்வொரு எண்ணின் பிட்டுகளையும் பார்த்து அந்த பில்களைக் கூட்டு, தொகை பொருந்தினால் அந்த எண்ணை ரிட்டர்ன் செய், அதாவது விடையாகக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனை விட்டு வெளியேறு. தொகைகளைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்தேன், தசமப் புள்ளியோடு வைத்துச் சமமா என்று கேட்பது கடன்காரனிடம் சில்லறை கேட்பது மாதிரி, ஒரு நாளும் பொருந்தாது. ஓட்டினால் கால் நிமிஷத்தில் விடை. ஒன்பது பில். மறுபடி ஓட்டினேன், அதே ஒன்பது. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, முழுக்கத் தேடினால் எவ்வளவு நேரமாகும் என்று ரிட்டர்னை எடுத்துவிட்டுப் பார்த்தேன், பதினோரு நிமிஷத்துக்கு மேல். சரி, இதை எட்டு கோரிலும் பரப்புவோம் என்று உட்கார்ந்தது திங்கட்கிழமை இரவு.

சேப்பலில் ஃபார் என்பதை ஃபார்ஆல் என்று மாற்றினால் லூப் பேரலலாகிவிடும். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்து மாற்றினேன். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் முகத்தில் அறைந்தது, ஃபார்ஆலுக்குள் ரிட்டர்ன் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டாஸ்க்கை, அதாவது தனியாக ஓடும் வேலையை, கிளப்பும் கோஃபார்ஆல் என்று போட்டேன், அதற்குள்ளும் கூடாது. பேரலல் வேலைக்கென்று இருக்கும் பிகின், கோபிகின், சிங்க் பிளாக் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான், பிரேக் போட்டு வெளியே குதிப்பதும் கிடையாது. ஃபார்ஆலில், இந்தச் சுற்றை விட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லும் கன்டின்யூ மட்டும் செல்லும்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. எளிமையாக எழுதலாம் என்று சொல்லும் மொழி, அடிப்படையான ஒரு சொல்லையே தடுக்கிறதே என்று. கொஞ்சம் யோசித்தபோது மாமா கடையில் நடப்பது ஞாபகம் வந்தது. ஏதாவது அளவு அண்டாவுக்கு மூடி இல்லையென்றால் கடைப் பையன்கள் நாலு பேரை சிக்பேட்டைக்கும் அவென்யூ ரோடு பக்கமும் அனுப்புவார். ஒருவன் மூடியோடு திரும்பி வந்துவிட்டான். சரி, மற்ற மூன்று பேர்? அவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள் வரும் வரை கடையை மூடலாமா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு மூடியோடு வந்தால் எதற்குக் காசு? ஒருவனை மட்டும் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வி ஒன்றுமே எழாது.

ஒற்றை த்ரெட்டில் ரிட்டர்ன் என்ற ஒரு சொல் நாலு வேலையை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இதுதான் மதிப்பு என்று கொடுக்கிறது, ஃபங்ஷனை விட்டு வெளியேறுகிறது, மிச்சமிருக்கும் சுற்றுகளை நடக்கவிடாமல் செய்கிறது, வரிசையில் முதலில் வரும் விடைதான் வெளியே வரும் என்று உறுதி தருகிறது. லூப்பின் உடம்பைப் பிய்த்துப் பல டாஸ்க்குகளிடம் கொடுத்துவிட்ட பிறகு இந்த நாலும் தனித்தனி. பிகின் இன்னும் மோசம், அது ஒரு டாஸ்க்கைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்காமல் மேலே போய்விடும். அந்த டாஸ்க் ரிட்டர்ன் சொல்லும் நேரத்தில் அதை அழைத்த ஃபங்ஷனே எப்போதோ முடிந்திருக்கலாம். யாரிடம் திரும்புவது? ஆக அந்தச் சொல்லையே தடை செய்துவிட்டு, நாலில் எது வேண்டுமோ அதை நீயே எழுது என்கிறது சேப்பல்.

இதெல்லாம் புரிந்த பிறகு எழுதுவது. அன்று இரவு நான் செய்தது குறுக்கு வழி. லூப்பின் உடம்பைத் தனி ஃபங்ஷனாக்கி அதற்குள் ரிட்டர்ன் போட்டேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் காரணமில்லை, அந்த ரிட்டர்ன் அந்தக் குட்டி ஃபங்ஷனிலிருந்துதான் திரும்புகிறது, ஃபார்ஆல் அது பாட்டுக்கு அடுத்த சுற்றுக்குப் போகிறது. கன்டின்யூவுக்கு வேறு சட்டை மாட்டியது மாதிரி. ஜாவாவில் ஃபார்ஈச்சுக்குள் லாம்டா எழுதி ரிட்டர்ன் போட்டு ஏமாந்தவர்களுக்கு இது பழைய சங்கதி.

அடுத்து வெளியே ஒரு சாதாரண மாறி வைத்து, கிடைத்ததும் அதில் எழுதலாம் என்று போனால் அதற்கும் பிழை. ஃபார்ஆலும் கோஃபார்ஆலும் வெளியே இருக்கும் எண், பூலியன் போன்ற மாறிகளை டாஸ்க்குகளுக்கு மாற்றமுடியாத நகலாகத்தான் கொடுக்கும், உள்ளே மாற்றவேண்டுமென்றால் வித் என்று போட்டு ரெஃப் என்று வெளிப்படையாகக் கேட்கவேண்டும். கேட்டேன். கொடுத்தது. கொடுத்தால் என்னாகும் என்பதுதான் தெரியுமே. சேர்க்கையை ஒரு மாறியிலும் பில் எண்ணிக்கையை இன்னொரு மாறியிலும் வைத்திருந்தேன், ஒரு ஓட்டத்தில் பட்டியலில் ஏழு பில், எண்ணிக்கை ஒன்பது என்று வந்தது. சேர்க்கையை எழுதியது ஒரு டாஸ்க், எண்ணிக்கையை எழுதியது இன்னொன்று. அங்கேயே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கவேண்டும். ஏழு பில்லில் ஒரு விடை எங்கிருந்து வந்தது? யோசிக்கவில்லை, ஒரே மாறியில் பலர் முந்தியடித்து எழுதும் ரேஸ் கண்டிஷன் குப்பை என்று தள்ளிவிட்டேன்.

செவ்வாய் இரவு சிங்க் மாறியைக் கையில் எடுத்தேன். சேப்பலில் இது அழகான சாமான். மாறிக்கு நிறைந்தது, காலி என்று ஒரு நிலை உண்டு. காலியாக இருக்கும் வரை காத்திருந்து எழுதி நிறைத்துவிட்டுப் போவது ஒரு செயல், நிறையும் வரை காத்திருந்து படித்துக் காலியாக்கிவிட்டுப் போவது இன்னொன்று. விடைக்கு ஒரு சிங்க் மாறி வைத்தால் முதலில் வந்தவன் எழுதுவான், பூட்டு கீட்டு எதுவும் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். லூப்பையும் கோஃபார்ஆலுக்கு மாற்றி 16 டாஸ்க்குகளாக நானே பிரித்தேன். 34 பிட்டில் மேலே இருக்கும் நாலு பிட் டாஸ்க்கின் எண், கீழே இருக்கும் 30 பிட் அந்த டாஸ்க்கின் லூப். அதாவது கடைசி நாலு பில்லில் எதெது சேரும் என்பது டாஸ்க்கைப் பார்த்தாலே தெரியும், 0-ஆம் டாஸ்க்கில் நாலும் கிடையாது, 15-இல் நாலும் உண்டு. ஒவ்வொரு டாஸ்க்கும் 107 கோடி சொச்சம் சேர்க்கைகளைப் பார்க்கும். கோஃபார்ஆல் முடிந்த பிறகு சிங்க் மாறியைப் படித்து அதை ரிட்டர்ன் செய். விடை கிடைத்ததும் மற்றவர்களை நிறுத்தும் ஏற்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

சின்னப் பட்டியலில் சோதித்தேன், பத்து பில், ஒரே ஒரு விடை. அருமையாக வந்தது. 34-ஐக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு நிமிஷத்துக்குள் முடியவேண்டியது. திரும்பி வந்து பாத்திரம் கழுவி, அறை நண்பனோடு அரை மணி நேரம் வம்பு பேசி முடித்த பிறகும் புரோகிராம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிழை இல்லை, வெளியீடு இல்லை, காற்றாடிச் சத்தம் கூட அடங்கிவிட்டது.

எழுதுவதற்கு முந்தைய வரியில் "கிடைத்தது" என்று அச்சடிக்க வைத்து மறுபடி ஓட்டினேன். ஐந்து வரி வந்தது. ஐந்து! ஐந்து டாஸ்க்குகள், ஐந்து வேறு வேறு சேர்க்கைகள். முதலில் வந்தவன் மாறியை நிறைத்துவிட்டான், மற்ற நாலு பேரும் அது காலியாகட்டும் என்று வாசலில் காத்திருக்கிறார்கள். காலியாக்கவேண்டிய நானோ எல்லா டாஸ்க்கும் முடியட்டும், அப்புறம் படிக்கிறேன் என்று கோஃபார்ஆலின் கடைசியில் காத்திருக்கிறேன். அவன் எனக்காக, நான் அவனுக்காக. விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் முடியாது. இதில் இன்னொன்று, ஒரு விடையும் இல்லாத பட்டியலைக் கொடுத்திருந்தாலும் நிறையாத மாறியைப் படிக்கப் போய் இதே கதிதான்.

ஆனால் அன்றைக்கு என்னைத் தூங்கவிடாதது அந்த முடிச்சு அல்ல, அந்த ஐந்து வரிகள். விடை ஒன்றுதான் என்று எனக்கு யார் சொன்னது? ஒற்றை த்ரெட் புரோகிராம் சொன்னது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஒன்பது பில்லைக் கொடுத்தது, அதனால் அதுதான் விடை என்று நம்பிவிட்டேன். அது கொடுத்தது விடையே அல்ல, நான் எண்ணிய வரிசையில் முதலில் தட்டுப்பட்ட ஒன்று. லூப்பைக் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தால் அதே உறுதியோடு வேறொன்றைக் கொடுத்திருக்கும்.

புதன் காலையில் மாமாவின் வாய்ஸ் மெசேஜ். "ஒம்போது பில்லா? ஜூன்ல ரெண்டு, ஜூலைல ஒண்ணு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா எவம்பா இப்படிக் கட்டுவான், வரிசையாத்தானே கட்டுவாங்க." முந்தின நாள் வந்திருந்தால் வாதாடியிருப்பேன்.

இருந்தாலும் ஆரம்பித்ததை முடிக்கவேண்டுமே. முதல் விடை வந்ததும் எல்லாரும் நிற்கும் பதிப்பைச் சரியாக எழுதினேன். அடாமிக் பூலியன் ஒன்று, அதாவது பல டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் குழம்பாத மெய், பொய் மாறி, கிடைத்துவிட்டதா என்பதற்கு. அடாமிக் மாறியை டாஸ்க்குகளுக்கு நகலாகக் கொடுக்காமல் நேரடியாகவே கொடுக்கும், ரெஃப் கேட்கத் தேவையில்லை. விடை கண்டவன் கம்பேர் அண்ட் ஸ்வாப் செய்வான், பொய் என்று இருந்தால் மெய் என்று மாற்று. அதில் ஜெயித்த ஒருவன் மட்டும் விடை மாறியில் எழுதுவான், தோற்றவன் சும்மா வெளியேறுவான், வாசலில் காத்திருக்கமாட்டான். மற்றவர்கள் நடுநடுவே அந்த அடாமிக்கைப் படித்து மெய் என்றால் பிரேக். இந்த பிரேக் எப்படிச் செல்லும் என்றால், கோஃபார்ஆலுக்கு உள்ளே இருக்கும் சாதாரண ஃபார் லூப்பிலிருந்துதான் அது வெளியேறுகிறது, கோஃபார்ஆலைத் தாண்டிக் குதிக்கவில்லை.

ஃபார்ஆலிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் அடாமிக்கைப் படித்து கன்டின்யூ போடுவதையும் முயன்றேன். விடை அச்சான பிறகும் சில விநாடிகள் காற்றாடி இரைந்துகொண்டே இருந்தது. மிச்சமிருக்கும் பல நூறு கோடிச் சுற்றுகளையும் ஒன்றும் செய்யாமல் சுற்றித்தான் தீர்க்கவேண்டும், பிரேக் இல்லையே. கோஃபார்ஆல் பதிப்பில் 65,536 சேர்க்கைக்கு ஒரு தடவை படித்தால் போதும் என்று வைத்தேன், என் மெஷினில் அது கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவு, படிக்கும் செலவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசி வரி, கோஃபார்ஆலின் மூடும் பிராக்கெட்டுக்கு வெளியே: ரிட்டர்ன் விடை. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, ஒரே இடத்தில், ஒரே ரிட்டர்ன். 16 டாஸ்க் என்று ஓட்டினால் ஒரு விடை, 8 என்று ஓட்டினால் வேறொன்று, பக்கத்தில் பிரவுசரில் நாலு வீடியோ ஓடினால் சில சமயம் மூன்றாவது. புரோகிராமில் தப்பே இல்லை, எல்லாமே கூட்டினால் 23,415 ரூபாய் 60 பைசாதான்.

இடையில் ஒரு குறும்பும் செய்தேன். ரிட்டர்ன் கூடாதென்றால் விடையையே ஒரு எர்ரராக த்ரோ செய்தால்? செல்லும். ஆனால் ஒருவன் த்ரோ செய்ததால் மற்ற டாஸ்க்குகள் நிற்காது, அவரவர் வேலையை முடிக்கும் வரை கோஃபார்ஆல் காத்திருக்கும். எல்லா எர்ரர்களையும் டாஸ்க்எரர்ஸ் என்ற ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் ஐந்து. பாவம், செவ்வாய்க்கிழமை வாசலில் நின்ற அதே ஐந்து பேர்.

அறை நண்பன் ஆபீசில் கோ மொழி எழுதுகிறவன். எங்கள் மொழியில் இந்த வம்பே இல்லை, கோரூட்டினுக்குள் (அங்கே டாஸ்க் மாதிரி ஓடுவது அது) தாராளமாக ரிட்டர்ன் போடலாம் என்றான். போடலாம், அந்தக் கோரூட்டினிலிருந்து மட்டும் திரும்பும், அதை எழுதிய வெளி ஃபங்ஷனுக்கு அது தெரியவே தெரியாது. கோரூட்டின்கள் மதிப்பைக் கைமாற்றும் சேனலில், அதுவும் இடையில் சேர்த்துவைக்க பஃபர் இல்லாத சேனலில், முதல் விடையை வாங்கிக்கொண்டு வெளி ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆகிவிட்டால் இரண்டாவது விடையோடு வருகிறவன் வாங்க ஆளில்லாத சேனல் முன்னால் நிற்பான், புரோகிராம் சாகும் வரை நிற்பான். என் சிங்க் மாறிக் கதைதான், ஒரே வித்தியாசம், எனக்கு எல்லாம் நின்றுபோனதால் தெரிந்தது, அவனுக்கு மெமரி மெதுவாக ஏறி ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்தால்தான் தெரியும். இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், 2024 ஆகஸ்டில் வந்த கோ 1.23-இல் ஃபங்ஷன் மேலேயே ரேஞ்ச் லூப் ஓட்டலாம், அந்த லூப்பின் உடம்பை உள்ளே ஒரு ஃபங்ஷனாக மாற்றினாலும் அதில் போட்ட ரிட்டர்ன் வெளி ஃபங்ஷனிலிருந்தே திரும்பும்படி கம்பைலர் பார்த்துக்கொள்கிறது. அது பேரலல் இல்லை, அதனால் முடிகிறது.

நான் முன்பு சி++-இல், பேரலலாக எழுத உதவும் ஓபன்எம்பியோடு மல்லுக்கட்டியவன். அங்கேயும் பேரலல் பகுதிக்கு ஒரு நுழைவு, ஒரு வெளியேற்றம்தான், ரிட்டர்ன் போட்டால் கம்பைலர் விடாது. 2013-இல் வந்த 4.0-இல் கேன்சல் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஆனால் ஓஎம்பி கேன்சலேஷன் என்ற சூழல் மாறியை ட்ரூ என்று வைக்காவிட்டால் அது வேலை செய்யாது, வேலை செய்யவில்லை என்று சொல்லவும் சொல்லாது. அதில் நான் தொலைத்த நாட்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இந்தப் பக்கம் நேர் எதிராக முடிவெடுத்தவர்களும் உண்டு. அடா 95 என்ற மொழியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டக்கர் டாஃப்ட் உருவாக்கிய பாராசெயில் மொழியில் பேரலல் லூப்புக்குள் ரிட்டர்ன் செல்லும், ஒருவன் திரும்பினால் மற்ற த்ரெட்கள் நிறுத்தப்படும். பேரே நம்மூர் விளி மாதிரி இருக்கும் அடா, அதன் 2022 பதிப்பிலும் இதே யோசனை இருக்கிறது, பேரலல் பகுதியிலிருந்து ஒருவன் வெளியே தாவினால் மற்றவர்களை ரத்துசெய்யப் பார்க்கும், எல்லாரும் முடிந்தோ ரத்தாகியோ ஓய்ந்த பிறகுதான் அந்தத் தாவல் நடக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தாவினால் ஏதோ ஒருவனைத் தேர்ந்தெடுக்கும். நான் கையால் எழுதிய அடாமிக், கம்பேர் அண்ட் ஸ்வாப், பிரேக் எல்லாவற்றையும் மொழியே செய்துகொடுப்பது மாதிரி. வசதிதான். இருந்தாலும் எனக்கு சேப்பலின் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது. அந்த 'ஏதோ ஒருவன்' என்பதை நானே எழுதவேண்டியிருந்ததால்தான் எந்த ஒருவன் என்ற கேள்வி என் முன்னால் வந்து நின்றது, ரிட்டர்ன் செல்லுபடியாகியிருந்தால் ஏதாவது ஒரு ஏழு பில்லை மாமாவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். ஜாவா 2014-இலேயே இதைப் பேரிலேயே பிரித்து வைத்தது, ஃபைண்ட்ஃபர்ஸ்ட் வேறு, ஃபைண்ட்எனி வேறு. எழுதும்போதே எது வேண்டும் என்று கை நின்று யோசிக்கும்.

மாமாவுக்கு வேண்டியது ஃபர்ஸ்டும் இல்லை, எனியும் இல்லை. குறைந்த பில்களில் கணக்கு முடியும் சேர்க்கை. ஆகவே வியாழன் இரவு சீக்கிரம் வெளியேறும் ஏற்பாடுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். 16 இடம் உள்ள ஒரு அரே, ஒவ்வொரு டாஸ்க்கும் தன் பகுதியை முழுசாகத் தேடி, தான் கண்டதில் குறைந்த பில் எண்ணிக்கையைத் தன் இடத்தில் மட்டும் எழுதும், யாரும் யார் இடத்தையும் தொடமாட்டார்கள், கடைசியில் மின்லாக் ரிடக்‌ஷன் போட்டால் எது குறைவு, எந்த டாஸ்க் என்று இரண்டும் வரும். ரிட்டர்ன், பிரேக், அடாமிக் ஒன்றும் இல்லை. மொத்தம் எட்டு சேர்க்கைகள் பொருந்தின. அதில் ஏழு சேர்க்கைகள் ஏழிலிருந்து பதினோரு பில் வரை. ஒன்று மட்டும் நாலே பில், 27, 28, 29, 31.

பைசா வரை எழுதியதால்தான் எட்டோடு நின்றது. ரூபாயாக ரவுண்ட் ஆஃப் செய்திருந்தால் நூற்றுக்கணக்கில் வந்திருக்கும், நாலு பில்லில் தற்செயலாகப் பொருந்துவது என்பதும் நடக்கக்கூடியதாக இருந்திருக்கும்.

மாமாவுக்கு போன் போட்டேன். 27, 28, 29 என்றதும் ம் கொட்டினார், 31 என்றதும் "ஆங், 30 அந்த இட்லி குண்டான், அடி வளைஞ்சிருக்குன்னு திருப்பிட்டாங்க, அதுக்கு நான் இன்னும் கிரெடிட் நோட் போடல" என்றார். டிக் அடிக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

நண்பன் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு பில்லுக்கு எதுக்குடா 1,717 கோடி? ஒரு பில், ரெண்டு பில், மூணு, நாலுன்னு ஏறுவரிசைல தேடியிருக்கலாமே" என்றான். எண்ணிப் பார்த்தேன், 34, 561, 5,984, 46,376, கூட்டினால் 52,955. நெஸ்ட் செய்த சாதாரண ஃபார் லூப், ஒற்றை த்ரெட், உள்ளே பொருந்தினால் ரிட்டர்ன். என்டர் தட்டிய விரல் மேலே வருவதற்குள் முடிந்தது. இந்த வரிசையில் முதலில் வருவதுதான் வேண்டிய விடை, அதனால் இந்த ரிட்டர்ன் சொல்வது அப்படியே சரி.

கோஃபார்ஆல் பதிப்பை அழிக்கவில்லை. அடுத்து ஒரு கல்யாண கான்ட்ராக்டர் கணக்கு வருகிறது, 41 பில், நடுவில் திருப்பி எடுத்துக்கொண்ட சாமானுக்கு மைனஸ் தொகைகள், எத்தனை பில்லில் முடியும் என்று மாமாவுக்கே ஊகம் இல்லை. 34-க்கு ஆன நேரத்தைப் போல 128 மடங்கு. அதற்கு முன்னால் அந்த 17, 17 ஆகப் பிளக்கும் வழியையும் எழுதிப் பார்த்துவிடவேண்டும், இல்லையென்றால் நண்பன் மறுபடி பின்னால் வந்து நிற்பான்.